ஆக்ஸ் வயர் வேலைக்கும் பில் உண்டு

பாரிவாக்கம் சந்திப்பில் மாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால், சென்னைக் கார் தொழிலின் கால் நூற்றாண்டு கண்ணெதிரே ஊர்ந்து போகும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்த சாண்ட்ரோ, அதற்கடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து வந்த ஐகான், திருவள்ளூர் ஆலையில் தயாரான லான்சர் என்று பக்கத்து ஊர்களில் பிறந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ஆவடி டாங்க் ஃபேக்டரிக்கும் வேலைக்குப் போகிற பல குடும்பங்களில் முதல் கார் செகண்ட் ஹேண்ட் கார்தான். இன்ஜின் நன்றாக இருக்கும். கேஸ் ஏற்றினால் ஏ.சி.யும் வேலை செய்யும். காலத்தோடு ஒட்டாமல் நிற்பது டேஷ்போர்டில் கம்பெனியே பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோ ஒன்றுதான். எஃப்.எம். பாடும், கேசட் விழுங்கும், கொஞ்சம் பிந்திய மாடல் என்றால் சி.டி. சுழலும். பாட்டெல்லாம் இருப்பதோ போனில்.

ஆகவே போனை வயரால் செட்டோடு இணைக்க "ஒரு ஆக்ஸ் போட்டுக் குடுங்கண்ணே" என்று எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விடுகிறோம். "அரை மணி நேர வேலை சார், டீ குடிச்சிட்டு வாங்க" என்கிறார். சில நூறு ரூபாய் கைமாறுகிறது. பில் கிடையாது, கேட்டால் நமக்கே கூச்சமாக இருக்கும். ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அவர் கை வைத்திருப்பது பேட்டரியோடு நேராக இணைந்த வயர்க்கட்டில். பதினைந்து வருட வண்டிக்கு நம்மில் பலர் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டுமே கட்டுகிறோம். வயர் உரசி வண்டி எரிந்தால் அந்தப் பாலிசி நம் காருக்கு ஒரு ரூபாய் தராது. மிச்சமிருப்பது வேலை செய்தவரின் பொறுப்பு மட்டும்தான். அதை நிரூபிக்க இருப்பது நாம் கேட்டு வாங்காத அந்தச் சீட்டு.

முதலில் வேலை என்னவென்று தெரிந்துகொள்வோம். வேலை தெரிந்த ஆளிடம் கடைக்காரர் பேசும் விதமே வேறு.

வயரைத் தொடாமலே பாட்டுக் கேட்க வழி உண்டு. கேசட் செட்டாக இருந்தால் கேசட் அடாப்டர் வாங்கிப் போடலாம். பார்க்கக் கேசட் போலவே இருக்கும், வால் போல ஒரு வயர் தொங்கும், மறுமுனையில் 3.5 மி.மீ. பின். உள்ளே ஒலிநாடா எதுவும் கிடையாது. செட்டின் ஹெட்டுக்கு எதிரே ஒரு சின்னக் காந்தச் சுருள் மட்டும் உட்கார்ந்திருக்கும். போனிலிருந்து வரும் பாட்டு அதில் காந்த அதிர்வாக மாற, ஹெட் அதை நாடா ஓடுவதாகவே எடுத்துக்கொள்கிறது. ஆட்டோ ரிவர்ஸ் செட்டுகள் சில சமயம் நாடா முடிந்துவிட்டதாக ஏமாந்து பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும். வெளியே தள்ளுவதும் உண்டு. அப்படிச் செய்யாத செட்டில், இருப்பதிலேயே ஆபத்தில்லாத வழி இதுதான். மலிவானதும் கூட. பழைய சமாச்சாரம் என்று கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது லைட்டர் சாக்கெட்டில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். போனிலிருந்து புளூடூத்தில் பாட்டை வாங்கி, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் ஏதோ ஓர் அலைவரிசையில் மிகக் குறைந்த சக்தியில் பரப்பும், செட்டின் எஃப்.எம். அதைப் பிடித்துக்கொள்ளும். சென்னையில் காலி இடம் கிடைப்பதுதான் சிரமம். 91.1 ரேடியோ சிட்டி, 92.7 பிக், 93.5 சூரியன், 98.3 மிர்ச்சி, 101.4 ரெயின்போ, 106.4 ஹலோ என்று பட்டை நிறைந்திருக்கிறது. பூந்தமல்லியில் தெளிவாகக் கேட்ட பாட்டு கத்திப்பாரா நெருங்கும்போது கரகரக்கும். இதில் பார்க்க வேண்டியது ஒலியை விடவும் அந்தச் செருகியின் தரத்தை. பெயர் தெரியாத மலிவுச் செருகிகள் நாள் முழுக்கச் சூடேறிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் லைட்டர் சாக்கெட்டில் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். இறங்கும்போது உருவி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது வழி எல்லா வண்டியிலும் இருக்காது. சில கம்பெனி செட்டுகளின் பின்பக்கத்தில் டிக்கியில் வைக்கும் சி.டி. சேஞ்சருக்காக ஒரு சாக்கெட் காலியாக விடப்பட்டிருக்கும். அதில் பொருந்தும் அடாப்டர் கிடைத்தால், சேஞ்சர் இருப்பதாகச் செட் நம்பிக்கொண்டு அந்த வழியாக வரும் பாட்டைப் பாடும். ஒரு வயரும் அறுபடாது. செட்டை வெளியே எடுத்ததும் முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியது இதைத்தான். நிறைய பேர் இதைப் பார்க்காமலே ஈயக்குச்சியைச் சூடாக்கிவிடுகிறார்கள்.

ஈயம் வைக்கும் வேலை கெட்ட வேலை அல்ல. தெரிந்தவர் செய்தால் கேசட் அடாப்டரைவிட நன்றாகவே பாடும். செட்டைத் திறந்து, எஃப்.எம். அல்லது சி.டி. பகுதியிலிருந்து வால்யூம் கட்டுப்படுத்தும் சிப்புக்குப் போகும் இடது, வலது ஒலித்தடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு கெப்பாசிட்டர் வழியாகப் போனின் ஒலியைக் கொடுக்க வேண்டும். கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் செட்டின் நேர்மின்சாரம் போனுக்குள் திரும்பிப் போகும். பின் செருகியதும் பழைய ஒலி தானாகத் துண்டிக்கப்படும் வகைச் சாக்கெட்டைப் போட்டால் இரண்டு பாட்டும் கலக்காது. சிப்பின் எண்ணைப் பார்த்து, எந்தக் கால் எதற்கு என்று அதன் விவரத்தாளைப் போனிலாவது எடுத்துப் பார்ப்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். ரிச்சி தெருவில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். "எங்கயாச்சும் குடுத்தா பாடும் சார்" என்பவரிடம் கொடுக்கக் கூடாது.

ஏனென்றால் அந்த "எங்கயாச்சும்" பெரும்பாலும் ஸ்பீக்கர் வயராகத்தான் இருக்கும். கண்ணில் முதலில் படுவதும் அதுதான். இன்றைய கார் செட்டுகளிலும் இருபது வருடம் முந்தைய பல செட்டுகளிலும் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரில் எதுவுமே எர்த் கிடையாது. மைனஸ் என்று எழுதியிருக்கும் வயரிலும் பேட்டரி வோல்டேஜில் பாதி, அதாவது 6 வோல்ட் சுமார், நின்றுகொண்டிருக்கும். அதை எர்த்தோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் சிப் போகும். போனின் ஹெட்போன் வயரை அங்கே கட்டினால் போன் போகும். ஒரு வோல்ட்டுக்கும் கீழே வேலை செய்யும் பொருளை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தொல்லை மிஞ்சும். ஆக்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டே போனை லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் செய்தால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க "கீய்ய்" என்று ஒரு சத்தம் கூடவே ஏறும். ஆக்ஸ் வயர் வழியாகவும் சார்ஜர் வழியாகவும் இரண்டு எர்த் பாதை உண்டாவதால் ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டுக்குள் நுழைகிறது. உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் ஒன்றை ஆக்ஸ் வயரில் இடையே போட்டால் சரியாகிவிடும். இதற்காகச் செட்டையே மாற்றச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஆனால் செட்டை மாற்றுவதே நல்லது என்ற நிலையும் உண்டு. கேசட் பகுதி தேய்ந்துபோன பழைய செட்டைத் திறந்து ஈயம் வைப்பதைவிட, யு.எஸ்.பி., புளூடூத், ஆக்ஸ் எல்லாம் உள்ள ஒரு சாதாரணப் புதுச் செட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கிப் போடுவது பல சமயம் புத்திசாலித்தனம். நிபந்தனை ஒன்றுதான்: வண்டியின் வயரை அறுக்கக் கூடாது. வண்டியின் சாக்கெட்டில் ஒரு முனையும் புதுச் செட்டில் மறுமுனையும் செருகும் கப்ளர் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கிறது. அதை வாங்கச் சோம்பல்பட்டு, கம்பெனி சாக்கெட்டையே வெட்டி எறிந்துவிட்டு வயரோடு வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது நம் ஊரில் நடக்கிற பழக்கம். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை இரண்டு கோடைகூடத் தாங்காது. உருகி வழிந்து, டேப் அவிழ்ந்து, செம்பு வெளியே தெரியும். பக்கத்திலேயே செட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம். பாரிவாக்கத்திலிருந்து ஆவடி வரை உள்ள பள்ளங்கள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

அப்போது காப்பாற்ற வேண்டியது ஃபியூஸ். காரில் உள்ளது வெறும் 12 வோல்ட், ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருக்கிறோம். ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் பேட்டரி அது. ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு மெல்லிய வயருக்குள் தள்ளும். வயர் சிவந்து, மேல்தோல் பற்றி, பக்கத்து வயர்களுக்கும் பரவச் சில விநாடி போதும். ஃபியூஸின் நிறத்தைப் பார்த்தே கணக்குத் தெரிந்துகொள்ளலாம்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஸ்டீரியோவுக்குரிய இடத்தில் என்ன நிறம் இருக்க வேண்டும் என்று ஃபியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ போட்டிருக்கும். வேலைக்கு விடும் முன் ஒரு போட்டோ, எடுக்கும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் இருந்த இடத்தில் பச்சை இருந்தால் அங்கே ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது. அடிக்கடி போகிற ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால், அந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

எரியாவிட்டாலும் இறங்கும். செட்டுக்கு இரண்டு மின்வழி உண்டு. வழக்கமாக மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியில் இருக்கும், நினைவகத்துக்காக. சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் வண்டி நின்ற பிறகும் செட் பாதி விழித்தபடியே இருக்கும். அது 200 மில்லி ஆம்பியர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம்: ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நாலே நாளில் பாதிக்கும் கீழே வந்துவிடும். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" என்று மட்டும் கேட்கும். பழியைப் பேட்டரி மேல் போட்டு, புதுப் பேட்டரி வாங்கி, அதையும் இறக்கிய பிறகே செட்டின் மேல் சந்தேகம் வரும்.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் டேஷ்போர்டுக்குள் மஞ்சள் உறை போட்ட வயர்களும் மஞ்சள் சாக்கெட்டுகளும் இருக்கும். அவற்றில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது. பேட்டரியின் மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துதான் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். அப்படிக் கழற்றும் முன் இன்னொரு விஷயம். ஃபோர்டு, ஹோண்டா, ஸ்கோடா போன்ற வண்டிகளில் கம்பெனி பொருத்திய சில செட்டுகள் மின்சாரம் போய் வந்தால் ரகசிய எண் கேட்கும். திருடனுக்குப் பயன்படக் கூடாது என்று செய்த ஏற்பாடு. வண்டி வாங்கும்போதே பழைய உரிமையாளரிடம் அந்த எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

செட்டை வெளியே எடுக்கும் நேரத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் துடைத்துக் கழுவிச் சந்தைக்கு வந்தன. சீட்டை மாற்றலாம், கார்ப்பெட்டை மாற்றலாம். செட்டுக்குப் பின்னால் இருக்கும் குகையை யாரும் கழுவுவதில்லை. அங்கே மண் படிவும், சாக்கெட் ஊசிகளில் பச்சைப் பூப்பும் இருந்தால் வண்டியின் கதை வேறு. வெள்ளத்தில் மூழ்கியதை மறைத்து விற்றிருந்தால் அதுவே விற்ற டீலர் மீது புகார் கொடுக்கத் தகுந்த காரணம். போட்டோ எடுத்துக்கொண்டுதான் செட்டை மீண்டும் உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

புதுப்பேட்டையில் பழைய கம்பெனி செட் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. ஆக்ஸ் உள்ள பிந்திய மாடல் செட்டை அங்கே தேடிப் பிடித்து அப்படியே மாற்றிக்கொள்வது உண்மையில் அழகான வழி; டேஷ்போர்டின் தோற்றம் மாறாது, சாக்கெட்டும் பல சமயம் அப்படியே பொருந்தும். நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்களும் அங்கே நிறைய. ஆனால் வயர் அறுந்து தொங்குகிற, ரகசிய எண் தெரியாத, வரிசை எண் சுரண்டப்பட்ட செட்டை பில் இல்லாமல் வாங்கினால் பிரச்சினை வாங்கியவருடையது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்துக்கொண்டால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள். உங்கள் செட்டே களவு போனாலும் போலீஸில் கொடுக்க அந்த எண்தான் வேண்டும். நம் பாரிவாக்கம் பகுதி 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது.

சட்டம் என்ன தருகிறது?

பில் தராமல் இருப்பதே தவறு என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(47), பொருளுக்கோ சேவைக்கோ பில் கொடுக்காமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு: குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கவோ குறையுள்ள சேவையை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தரவோ மறுப்பதும் அப்படிப்பட்ட நடைமுறையே, பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் பலகைக்குக் குறையுள்ள பொருளைப் பொறுத்தவரை மதிப்பில்லை.

பில்லில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் 2020-ஆம் ஆண்டின் விதிகள் உண்டு: கடையின் பெயர், முகவரி, வரிசை எண், தேதி, வாங்கியவர் பெயர், என்ன பொருள் அல்லது சேவை, தொகை, வரி இருந்தால் வரி, கையொப்பம். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்னக் கடை என்பது பில் தராமலிருக்கக் காரணம் ஆகாது. கையால் எழுதிய துண்டுச் சீட்டு போதும். "ஸ்டீரியோ வேலை" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். "கப்ளர் போட்டு, வயர் வெட்டாமல், 15 ஆம்பியர் ஃபியூஸ்" என்று எழுதிய சீட்டு நீதிமன்றத்தில் பேசும்.

பில்லே இல்லையென்றால்? ஜிபேயில் அனுப்பிய பணம் கடைக்கும் உங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்ததைக் காட்டும், என்ன வேலை என்று காட்டாது. அதனால் அன்றே கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் ஒரு செய்தி போடுங்கள்: "அண்ணே, இன்னிக்கு என் வண்டில ஆக்ஸ் போட்டீங்கள்ல, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கீங்க?" அவர் பதில் போட்டால் அது ஆவணம். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரலாம். தந்திரம் போலத் தெரியும். பில் தராதவரிடம் இந்த அளவு தந்திரம் நியாயம்தான்.

அதே 2019 சட்டம் பொருளால் உண்டாகும் தீங்குக்கான பொறுப்பையும் தனி அத்தியாயமாக எழுதியிருக்கிறது. பொருளைச் செய்தவர், விற்றவர் மட்டுமல்ல, அதில் பழுது பார்ப்பது, பொருத்துவது போன்ற சேவை செய்தவரும் தன் கவனக்குறைவுக்கும், எச்சரிக்கை சொல்லாமல் விட்டதற்கும் பொறுப்பாளி. நம் எலெக்ட்ரீஷியன் இதற்குள் வருகிறார். ஆனால் 87-ஆம் பிரிவில் ஒரு கதவு சாத்தப்படுகிறது: தீங்கு நடந்த நேரத்தில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்றவர் மீது வழக்குத் தொடர முடியாது. அதாவது கடையில் வாங்கிய புதுச் செட்டை இன்னொருவரிடம் கொடுத்துத் திறந்து ஈயம் வைத்த நிமிடத்திலேயே, விற்ற கடைக்காரரை நீங்களே விடுவித்துவிடுகிறீர்கள். முடிந்தவரை வாங்கும் கடையிலேயே பொருத்தவும் செய்யுங்கள். விற்றவரும் பொருத்தியவரும் ஒருவரானால் ஒருவர் மேல் ஒருவர் கை காட்ட இடமிருக்காது.

கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் "நம்ம வண்டி கமர்ஷியல், நமக்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் தருகிறது. ஒரே வண்டியைத் தானே ஓட்டிச் சம்பாதிப்பவர் நுகர்வோர்தான்.

இனி மாற்றியமைத்தல் பற்றிய பயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாக உறுதி செய்தது. ஸ்டீரியோ ஆர்.சி.யில் ஏறும் விவரம் அல்ல. ஆக்ஸ் போட்டதற்காக யாரும் அபராதம் கேட்க முடியாது. பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது டேஷ்போர்டுக்குக் கீழே வயர் கொத்துக் கொத்தாகத் தொங்காமல் இருந்தால் சரி.

போலீஸ் பிடிப்பது வேறொன்றுக்கு. ஆக்ஸ் வந்ததும் பாட்டு மாற்றப் போனைக் கையில் எடுக்கிறோம். ஓட்டும்போது கையில் போன் பிடிப்பது 184-ஆம் பிரிவில் ஆபத்தாக ஓட்டுதல். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து விதியில் ஒரு சலுகை இருக்கிறது, வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில். பாட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. சாக்கெட்டை கியர் பக்கம் வைக்கச் சொல்லாமல், வயர் கையிலும் கியரிலும் மாட்டாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

ஃபுல் இன்ஷூரன்ஸ் கட்டுகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. கம்பெனி விலையில் சேராத, பிறகு பொருத்திய மின்சாதனங்களைப் பாலிசியில் தனியாக அறிவிக்க வேண்டும். ஐ.எம்.டி. 24 என்ற இணைப்புப் பிரிவு அதற்குத்தான். பழைய டாரிஃப் கணக்கில் சாதன மதிப்பில் 4 சதவீதம். 10,000 ரூபாய் செட்டுக்கு வருடம் 400 ரூபாய். அறிவிக்காத செட் திருடு போனால் ஒன்றும் கிடைக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் தீ. தேய்மானமும் மின்பழுதும் பாலிசியில் சேராது. மின்பழுதால் பிடித்த தீயில் வண்டி எரிந்த இழப்பு வேறு கணக்கு. சர்வேயர் டேஷ்போர்டைப் பிரித்து முறுக்கிய வயரைப் பார்த்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முழுத் தொகையையும் மறுக்கப் பார்க்கும். அப்போது வெறுங்கையோடு திரும்பி வந்துவிட வேண்டாம். நிபந்தனை மீறல் இருந்தாலும் அதன் தன்மையைப் பார்த்து, ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தந்து தீர்க்கலாம் என்ற அணுகுமுறையை 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ, அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 155255 என்ற எண்ணில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி மையம் இருக்கிறது.

வாரண்டி இன்னும் மிச்சமிருக்கும் வண்டிக்காரர்களை சர்வீஸ் சென்டர் ஒரு வாக்கியத்தால் மிரட்டும்: "வெளியில கை வச்சா வாரண்டி போயிடும்." இது பாதிதான் உண்மை. 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே வேலை செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் உண்டு. மேல்முறையீடுகளில் வழக்கு பல வருடம் இழுத்தது, சில கம்பெனிகளுக்கு அபராதம் குறைந்தது. ஆக்ஸ் போட்டதால் செட் பழுதானால் செட்டின் வாரண்டி போவது நியாயம். கிளட்ச் வாரண்டி ஏன் போக வேண்டும்? அப்படிச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தில், மத்திய அரசு தனி இணையதளமே தொடங்கியது. அதில் கார்களும் ஒரு துறை.

தவறு நடந்துவிட்டது, கடைக்காரர் கை விரிக்கிறார் என்றால் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதில் தீராவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பாரிவாக்கம் பூந்தமல்லி வட்டம், திருவள்ளூர் மாவட்டம் என்பதால் நமக்கு அதுதான். வேலை செய்த கடை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இருந்தாலும் புகாரைத் திருவள்ளூரிலேயே கொடுக்கலாம்; புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் இல்லை. நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். எழுத உதவி வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 எண்ணில் கேளுங்கள்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தால் செட்டைத் தட்டிப் பார்க்க வேண்டாம். ஓரம் கட்டி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். புகை மட்டும் என்றால் பேட்டரி மைனஸைக் கழற்றலாம். சுவாலை தெரிந்தால் பானெட்டைத் திறக்காமல் விலகி நின்று 112-க்கோ 101-க்கோ போன் செய்யுங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த நாள்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலை செய்த எலெக்ட்ரீஷியனே ஓடி வந்து, "மன்னிச்சிருங்கண்ணே, ஃப்ரீயா மாத்திக் குடுத்துடறேன்" என்று கருகிய வயரையெல்லாம் வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார். நல்ல எண்ணத்தில் கூட இருக்கலாம். ஆனால் அந்தக் கருகிய வயரும், ஃபியூஸும், உருகிய செட்டும்தான் உங்கள் சாட்சி. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத குறையாக இருந்தால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டும். இருந்த இடத்திலேயே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்கி, கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வைத்த பிறகு பழுது பார்க்கச் சொல்லுங்கள். அந்த எலெக்ட்ரீஷியன் இலவசமாகவே செய்து தரட்டும். அதற்கும் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.